ராபர்ட் பாரனி

ராபர்ட் பாரனி (ஏப்ரல் 22, 1876 – ஏப்ரல் 8, 1936) ஆஸ்திரியாவில் பிறந்து சுவீடனில் மறைந்த காது மருத்துவ அறிஞர் ஆவார். உட்செவியில் அமைந்துள்ள சமநிலை உறுப்பின் செயற்பாட்டையும் நோய்களையும் ஆராய்ந்தமைக்காக 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. பரிசு அறிவிக்கப்பட்டபோது இவர் உருசியப் போர்க்கைதி முகாம் ஒன்றில் இருந்தார். படுக்கையில் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் திடீரெனத் தோன்றி, ஒரு நிமிடத்திற்குள் அடங்கிவிடும் நிலைசார் தலைசுற்றலை 1921இல் தெளிவாக விவரித்தவரும் இவரே.

இளமை

பாரனி வியன்னா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் ஆறு குழந்தைகளுள் மூத்தவராகப் பிறந்தார். தந்தை பண்ணை நிலங்களை மேலாண்மை செய்து வந்தவர். தாய் பிராகு நகர அறிஞர் ஒருவரின் மகள். சிறு வயதிலேயே பாரனிக்கு எலும்புக் காசநோய் ஏற்பட்டு ஒரு முழங்கால் நிலையாக விறைத்துப் போயிற்று. மருத்துவத்தின்பால் இவருக்கு நாட்டம் உண்டானது இந்நோயினால்தான் என்பர். விறைத்த காலுடனேயே இவர் வாழ்நாள் முழுதும் டென்னிசு ஆடினார், மலைகளிலும் நடந்தார்.

1900இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் செருமனியில் உள்மருத்துவமும் மனநோய் மருத்துவமும் பயின்று வியன்னா திரும்பினார். 1903இல், அக்காலத்தில் காது மருத்துவத்தில் பெரும்பெயர் பெற்றிருந்த ஆடம் பொலிட்சரின் மருத்துவ மனையில் பணியில் சேர்ந்தார். 1909இல் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆனார். இடா பெர்கர் என்பவரை மணந்ததும் அதே ஆண்டிலாகும்.

காதில் ஊற்றிய நீர்

காதில் சீழோ அழுக்கோ சேர்ந்தால் பீச்சாங்குழலால் நீரைச் செலுத்திக் கழுவுவது அந்நாளைய வழக்கம். கழுவும்போது சிலருக்குத் தலை சுற்றியது. பலரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பாரனி மட்டும் அவர்களுடைய கண்களைக் கவனித்தார். விழிகள் ஒரு பக்கமாக மெல்ல நகர்ந்து, மறுபக்கமாக வெடுக்கென இழுத்துக்கொள்வதை மீண்டும் மீண்டும் கண்டார். இவ்வசைவு விழிநடுக்கம் எனப்படும்.

ஒரு நோயாளி, நீர் குளிர்ந்திருந்தால்தான் தமக்குத் தலை சுற்றுவதாகவும், வெதுவெதுப்பாக இருந்தால் ஒன்றும் இல்லை என்றும் தெரிவித்தார். எனவே நீரைச் சூடாக்கச் செய்தார் பாரனி. ஒருமுறை நீர் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. அப்போதும் தலை சுற்றியது; ஆனால் விழிநடுக்கத்தின் திசை மட்டும் நேரெதிராக மாறியிருந்தது. உடல் வெப்பநிலையில் உள்ள நீர் எவ்விளைவும் தருவதில்லை, குளிர்நீரும் சுடுநீரும் எதிரெதிர் விளைவு தருகின்றன என்பது இதனால் புலப்பட்டது.

விளக்கம் குளியலறைக் கொதிகலனிலிருந்து கிடைத்தது. கொதிகலனில் சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே தங்கும். உட்செவியில் ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்குத்தான மூன்று தளங்களில் அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றுள் ஒரு பாய்மம் நிறைந்திருக்கிறது. தலை திரும்பும்போது குழலும் திரும்புகிறது, பாய்மமோ சற்றுப் பின்தங்குகிறது. குழலின் ஒரு முனையில் உள்ள மென்சவ்வு அதனால் வளைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. காதில் ஊற்றிய நீர் குழலின் ஒரு பகுதியைச் சூடாக்கினாலோ குளிர்வித்தாலோ, தலை அசையாமலேயே பாய்மம் ஓடத் தொடங்கும். மூளை அதைத் தலையின் சுழற்சி என்றே எண்ணிக்கொள்ளும். இவ்வெப்பச் சோதனை பற்றிய பாரனியின் ஆய்வு 1906இல் வெளியாயிற்று.

இது ஏன் பெரிய செய்தி என்பதை இக்காலத்தில் உணர்வது சற்றுக் கடினம். அதுவரை தலைசுற்றல் என்பது நோயாளி சொல்ல, மருத்துவர் கேட்டுக்கொள்ளும் ஒன்றாகவே இருந்தது. நம்பாதவர் அதை நரம்புத் தளர்ச்சி என்றோ மனப்பிரமை என்றோ ஒதுக்கிவிட முடிந்தது. பாரனிக்குப் பின் கண் அதற்குச் சாட்சியாயிற்று. மேலும், இரண்டு காதுகளையும் தனித்தனியே சோதித்து எந்தக் காது பழுதுபட்டது என்று சொல்லவும் முடிந்தது.

இவ்விளக்கத்திற்குச் சுவையான பின்குறிப்பு ஒன்று உண்டு. 1983இல் கொலம்பியா விண்ணோடத்தில் சென்ற விண்வெளி வீரர்களிடம் வெப்பச் சோதனை செய்து பார்த்தனர். எடையற்ற நிலையில் சூடான பாய்மம் மேலே ஏற வழியில்லை. ஆயினும் விழிநடுக்கம் தோன்றியது. ஆகவே கொதிகலன் விளக்கம் முழு உண்மையன்று, புவியில் அது பெரும்பகுதிக் காரணம் மட்டுமே என்று தெரியவந்தது.

சுழல் நாற்காலி

நோயாளியை நாற்காலியில் அமர்த்தி, 20 நொடிகளில் 10 சுற்றுகள் சுற்றிச் சட்டென்று நிறுத்தி, விழிகளைக் கவனிக்கும் முறையையும் பாரனி ஒழுங்குபடுத்தினார். மதுரை தமுக்கம் திடலில் சித்திரைப் பொருட்காட்சியின்போது ராட்டினத்தில் ஏறி இறங்கியவர்கள், இறங்கிய பின்னும் உலகம் சுற்றுவதை அறிவார்கள். நாற்காலிச் சோதனையில் நிகழ்வதும் அதுவே. உடல் நின்றுவிட்டது, குழலுக்குள் பாய்மம் இன்னும் நிற்கவில்லை. பாரனி நாற்காலி இன்றும் விமானிகளின் பயிற்சியில் பயன்படுகிறது. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிக் குறியைத் தொடச் செய்து சிறுமூளையின் நிலையை அறியும் சுட்டுச் சோதனையும், ஒரு காதை இரைச்சலால் மறைத்து மறு காதைச் சோதிக்கும் கருவியும் இவருடையவையே.

போரும் பரிசும்

முதல் உலகப்போர் மூண்டபோது, கால் ஊனம் இருந்தும் பாரனி தாமாக முன்வந்து, பிஷெமிசில் கோட்டையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். மூளையில் குண்டடி பட்டவர்களுக்கு மருத்துவம் செய்ததோடு, சமநிலை உறுப்புக்கும் சிறுமூளைக்கும் தசைகளுக்கும் உள்ள தொடர்பையும் அங்கு ஆராய்ந்தார். 1915 மார்ச்சில் கோட்டை உருசியரிடம் வீழ்ந்தது. கைதான பாரனி நடு ஆசியாவில் உள்ள மெர்வ் நகருக்கு அனுப்பப்பட்டார். அவ்விடம் இன்றைய துருக்மெனிசுத்தானில் உள்ளது. அங்கு மலேரியாவால் துன்புற்றார். எனினும் முகாமின் தலைமை மருத்துவர் இவரை நன்முறையில் நடத்தி, கைதிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும் காது மருத்துவம் பார்க்கும் பொறுப்பை அளித்தார்.

1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு இவருக்கு என்ற அறிவிப்பு 1915இல் வெளியானபோது இவர் அந்த முகாமில்தான் இருந்தார். சுவீடன் இளவரசர் கார்ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் உருசியப் பேரரசரிடம் பேசியதன் பயனாக 1916இல் விடுதலை பெற்று, சுவீடன் சென்று பரிசைப் பெற்றுக்கொண்டார்.

வியன்னா திரும்பிய இவருக்கு வரவேற்புக்கு மாறாகக் குற்றச்சாட்டுகளே காத்திருந்தன. முன்னோரின் ஆய்வுகளுக்கு உரிய இடம் தராமல் பெருமையைத் தாமே எடுத்துக்கொண்டார் என்பது சக மருத்துவர்களின் குறை. புறாக்களின் அரைவட்டக் குழல்களை வெட்டி ஆராய்ந்த ஃபுளூரன்ஸ், பாய்ம ஓட்டக் கொள்கையை 1870களில் முன்வைத்த மாஃக், புரூயர் ஆகியோர் பாரனிக்கு முற்பட்டவர்கள் என்பது உண்மையே. ஆனால் அவர்களுடைய உடலியங்கியலை நோயாளியின் படுக்கையருகே கொண்டுவந்தவர் பாரனி என்பதையும் மறுக்க இயலாது. மனம் கசந்த இவர் 1917இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். எஞ்சிய வாழ்நாளை அங்கேயே கழித்தார்.

நிலைசார் தலைசுற்றல்

உப்சாலாவில் 27 வயதுப் பெண் ஒருவர் சில நாட்களாகத் திடீர்த் தலைசுற்றலால் அவதிப்பட்டு இவரிடம் வந்தார. பக்கவாட்டில் படுக்கும்போது மட்டுமே அது தோன்றுவதை இவருடைய உதவியாளர் கார்லெஃபோர்ஸ் முதலில் கவனித்தார். படுத்தவுடன் விழிகள் முறுக்கிச் சுழன்று மேல்நோக்கித் துடித்தன. சுமார் அரை நிமிடத்தில் எல்லாம் அடங்கிற்று. உடனே மீண்டும் முயன்றால் அவ்வளவு கடுமையாக வருவதில்லை. 1897இல் ஆட்லர் என்பவர் இத்தகைய நோயைக் குறிப்பிட்டிருந்தாலும், விழிநடுக்கத்தோடு சேர்த்துத் துல்லியமாக விவரித்தது பாரனியின் 1921ஆம் ஆண்டுக் கட்டுரையே.

காரணம் எது என்பதில் பாரனியின் முடிவு பாதி சரியானது. புவியீர்ப்பை உணரும் உறுப்பு உட்செவியில் தனியே உள்ளது. அதன் மேற்பரப்பில் கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய துகள்கள் பதிந்திருக்கின்றன. அவ்வுறுப்பு பழுதுற்றதே நோய் என்று பாரனி கருதினார். துகள்கள் அங்கிருந்து வந்தவைதாம். ஆனால் தொல்லை தருவது அவை உதிர்ந்து அரைவட்டக் குழலுக்குள் புகுந்த பிறகுதான். அக்குழலில் பாய்மம் ஓடினால் தலை சுற்றும் என்று உலகுக்குக் காட்டியவரே, இந்நோயில் அக்குழலை ஐயுறவில்லை.

இறுதி ஆண்டுகள்

பிற்காலத்தில் பாரனி தசைவாத நோயின் காரணங்களை ஆராய்ந்தார். பக்கவாதத்தால் உடலின் ஒரு பகுதி செயலிழந்த பின்னரும் அதுபற்றிய நூலை எழுதி வந்தார். அறுபதாம் பிறந்தநாளுக்கு இரு வாரங்கள் இருக்கையில், அதனையொட்டி இவரைச் சிறப்பிக்கத் திட்டமிடப்பட்டிருந்த பன்னாட்டுக் கூட்டத்தைக் காணாமலே உப்சாலாவில் காலமானார். இவருடைய மக்கள் இருவர் சுவீடனில் மருத்துவத் துறைப் பேராசிரியப் பணிகளில் இருந்தனர்.

பாரனிக்குப் பின்

1952இல் இலண்டனில் மார்கரெட் டிக்சு, சார்லசு ஆல்பைக் ஆகியோர் நோயாளியை விரைவாகப் படுக்க வைத்துத் தலையைத் திருப்பிக் கண்டறியும் சோதனையை வகுத்தனர். 1969இல் அமெரிக்க மருத்துவர் அரோல்டு சுக்னெக்ட், குழலின் சவ்வில் துகள்கள் ஒட்டியிருப்பதே காரணம் என்றார். அவை ஒட்டியிராமல் பாய்மத்தில் மிதந்தும் உருண்டும் திரிவதே பெரும்பாலோரின் நோய் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

துகள் திரிகிறது என்றால் அதை உருட்டி வெளியேற்றலாம் என்று எண்ணினார் ஆரிகன் மாநில மருத்துவர் ஜான் எப்லி. இவர் முறை எளியது. வலக்காதில் நோய் என்றால், உட்கார்ந்த நோயாளியின் தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, தலை சற்றே தொங்குமாறு மல்லாக்கப் படுக்க வைப்பர். சுற்றல் அடங்கியதும் தலையை 90 பாகை இடப்பக்கம் திருப்புவர். பின் உடலையும் இடப்பக்கம் புரட்டி முகம் தரையை நோக்கச் செய்து, சற்றுப் பொறுத்து எழுப்பி உட்கார வைப்பர். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் போல் காத்திருக்க வேண்டும். துகள் தன் எடையாலேயே குழலைச் சுற்றி வந்து, புறப்பட்ட பைக்குள் விழுந்துவிடும். மருந்தும் கத்தியும் இல்லாத இம்முறையைப் பல ஆண்டுகள் சக மருத்துவர்கள் நம்பவில்லை. 1992இல்தான் எப்லியின் விரிவான கட்டுரை அச்சேறிற்று. அதே ஆண்டில் கனடா மருத்துவர்கள், அறுவையின்போது குழலுக்குள் துகள்களைக் கண்ணால் கண்டதாக அறிவித்தனர்.

1960இல் தொடங்கப்பட்ட பாரனி கழகம் தலைசுற்றல் ஆய்வாளர்களின் பன்னாட்டு அமைப்பாகும். இந்நோயைக் கண்டறிவதற்கான வரையறைகளை அது 2015இல் வெளியிட்டது.

தமிழகச் சூழலில்

தமிழ்ப் பேச்சுவழக்கில் தலைசுற்றல், கிறுகிறுப்பு, மயக்கம் ஆகிய சொற்கள் கலந்தே வழங்குகின்றன. மதுரைச் சீமையில் படுக்கையை விட்டு எழும்போது அறையே சுழன்றாலும் பித்தம் என்று சொல்லிச் சுக்கு மல்லிக் காப்பி குடிப்போர் உண்டு. இரத்த அழுத்தக் குறைவு என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்குவோரும் உண்டு. தலைசுற்றல் மாத்திரை குமட்டலைத் தணிக்கலாம். குழலில் கிடக்கும் துகளை அது நகர்த்தாது. மருத்துவரிடம் மயக்கம் என்று மட்டும் சொல்லாமல், சுற்றுகிறதா கண் இருட்டுகிறதா, எந்தப் பக்கம் புரண்டால் வருகிறது, எத்தனை நொடி நீடிக்கிறது என்று கூறுவது நோயறிய உதவும்.

டிக்சு-ஆல்பைக் சோதனைக்கும் எப்லி முறைக்கும் ஒரு கட்டிலே போதும் என்பதால், பெருநகரத்துத் தனி மையங்களைத் தேடிச் செல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. மதுரை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த அரசு இராசாசி மருத்துவமனை போன்றவற்றில் காது மூக்கு தொண்டைத் துறை உள்ளது. பெரும்பாலோர் ஓரிரு முறையிலேயே குணமடைகின்றனர். சிலருக்குத் திங்கள்கள் அல்லது ஆண்டுகள் கழித்து மீண்டும் வரலாம். எந்தக் காது என்று அறியாமல் செய்தால் பயனிராது என்பதாலும், கழுத்தெலும்புத் தேய்வு உள்ளவர்க்குத் தீங்கு நேரலாம் என்பதாலும் முதல்முறை மருத்துவர் முன்னிலையில் செய்துகொள்வதே நன்று. குணமாகும் வரை பரணில் ஏறுவது, கிணற்றோரம் குனிவது, சாரத்தில் நின்று வேலை செய்வது, வண்டி ஓட்டுவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். இரவில் எழுவோர் கட்டிலின் விளிம்பில் சற்று அமர்ந்துவிட்டு எழுதல் நலம்.

தலைசுற்றலோடு பேச்சுக் குழறல், கை கால் சோர்வு, இரட்டைப் பார்வை, கடுந்தலைவலி, நடக்க இயலாமை ஆகியவற்றில் ஒன்று சேர்ந்து வந்தாலும் அது துகள் நோயாக இராது. மூளைப் பக்கவாதமாக இருக்கக்கூடும். அந்நிலையில் எப்லி முறையை முயன்று நேரத்தைக் கழிக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.