கோதை ஆண்டாள் ஆன கதை

ராஜபாளையத்தில் மதுரை பஸ் ஏறினால், சுமார் 12 கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஊருக்குள் நுழையும் முன்பே 11 நிலைக் கோபுரம் கண்ணில் படும்.

பல நூற்றாண்டுகளுக்கு முன்பு இந்த ஊரில் விஷ்ணுசித்தர் என்ற பக்தர் இருந்தார். பெரியாழ்வார் என்று நாம் சொல்வது இவரைத்தான். நந்தவனத்தில் பூப்பறித்து, வடபத்ரசாயி கோவிலுக்கு மாலை கட்டிக் கொடுப்பதே அவர் வேலை.

ஆடி மாதம், பூர நட்சத்திரம். துளசிச் செடியின் அடியில் ஒரு பெண் குழந்தை கிடந்தது. வாரி எடுத்தார். கோதை என்று பெயர் வைத்தார்.

கோதை என்றால் மாலை. மாலை கட்டுகிறவர் வேறு என்ன பெயர் வைப்பார்!

கூடையில் தலைமுடி

கோதை வளர்ந்தாள். கோவிலுக்குப் போகும் மாலையை யாரும் அறியாமல் எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொள்வாள். கிணற்று நீரில் அழகு பார்ப்பாள். பிறகு கூடையில் வைத்துவிடுவாள்.

ஒரு நாள் மாலையில் ஒரு தலைமுடி இருந்தது. தந்தை பதறிவிட்டார். பூஜைக்கு உரிய பூவை முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இவளோ தினமும் சூடியிருக்கிறாள்! மகளைக் கடிந்துகொண்டார். அந்த மாலையை ஒதுக்கினார்.

அன்று இரவு பெருமாள் கனவில் வந்தார். கோதை சூடிய மாலையே தமக்கு வேண்டும் என்றார்.

கோதை, ஆண்டாள் ஆனாள். ஆட்சி செய்தவள் என்று பொருள். படை இல்லை, நாடும் இல்லை. இறைவனையே அன்பினால் ஆண்டாள் என்று வைணவப் பெரியோர் விளக்கம் சொல்வார்கள்.

சாராள்

பைபிளிலும் இப்படி ஒரு பெயர் மாற்றம் உண்டு. ஆபிரகாமின் மனைவிக்கு முதலில் சாராய் என்று பெயர். முதுமை வந்தும் பிள்ளை இல்லை. இனி அவள் பெயர் சாராள் என்று கடவுள் சொன்னார். எபிரேய மொழியில் அதற்குத் தலைவி, இளவரசி என்று பொருள். 90 வயதில் அவளுக்கு ஈசாக்கு பிறந்தான்.

பாலைவனக் கூடாரத்தில் ஒருத்தி, நந்தவனத்தில் ஒருத்தி. இருவருக்கும் கிடைத்தது ஆளும் பெயர். தமிழில் எழுதும்போது ஓசையும் ஒத்துப்போகிறது பாருங்கள்!

திருவரங்கப் பயணம்

ஆண்டாள் திருப்பாவையில் 30 பாட்டும், நாச்சியார் திருமொழியில் 143 பாட்டும் பாடினாள். 12 ஆழ்வார்களில் பெண் இவள் ஒருத்திதான்.

மணவயது வந்தது. மனிதரை மணக்க மாட்டேன் என்று உறுதியாக நின்றாள். மணக்கோலத்தில் ஸ்ரீரங்கம் அழைத்துப் போனார்கள். சன்னதிக்குள் நுழைந்தவள் அரங்கனோடு கலந்துவிட்டாள். தந்தை மட்டும் தனியே ஊர் திரும்பினார். அந்தப் பயணத்தை நினைத்தால் மனம் கனக்கிறது.

திருப்பதி பிரம்மோற்சவத்துக்கு இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து மாலை போகிறது. முதலில் ஆண்டாள் சூடுவாள். அதன் பிறகே கூடையில் வைத்து அனுப்புவார்கள்.