பிள்ளைகளைக் கொண்டு பெற்றோருக்குப் போதித்த புனித சவேரியார்

நம் கடற்கரையூர்களில் சவேரியார் என்ற பெயர் தாங்கிய ஒருவரேனும் இல்லாத குடும்பம் அரிது. ஆயினும் அப்புனிதர் நம் முன்னோர் நடுவே என்ன செய்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பெற்றோர் சிலரே. ஆகவே ஜூபிலி மலரில் அதை எழுதத் துணிந்தோம்.

1506 ஏப்ரல் 7-ஆம் நாள் நவார் நாட்டுச் சேவியர் கோட்டையில் அவர் பிறந்தார். ஒன்பதாம் வயதில் தந்தையை இழந்தார். தாய் மரியாளே பக்தியில் வளர்த்தார். மகன் பாரீஸில் படித்துக்கொண்டிருக்கையில், 1529-இல், அந்த அம்மையாரும் காலமானார். பின் இஞ்ஞாசியாரின் தோழராகி, 1542 மே 6-இல் கோவா வந்திறங்கினார்.

அவ்வாண்டின் இறுதியில் முத்துக்குளித்துறையை அடைந்த சவேரியார் கண்டது என்ன? சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்த மக்களுக்கு ஒரு மந்திரமும் தெரியவில்லை. தமக்கே தெரியாததைப் பெற்றோர் எப்படிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார்கள்? சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள் ஆகியவற்றை மிகுந்த பாடுபட்டுத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரைக் கூட்டினார். நாளுக்கு இருமுறை பாடம். கற்றதை வீட்டிற்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்க வேண்டும் என்பது கட்டளை! நோயாளிகளிடம் தாம் போக இயலாதபோது, செபமாலையோடு சிறுவரையே அனுப்பினார். ஞானோபதேச வகுப்புக்கு அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்தது என்றிருக்கும் நாம் இதைக் கவனிக்க வேண்டும். அவருக்கு வகுப்பு என்பது வீட்டிற்குப் போகும் வழியே.

1544-இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கரைக்கு வந்தார். ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட முக்குவர் ஞானஸ்நானம் பெற்றனர். முதலில் ஆண்கள், ஒவ்வொருவருக்கும் புதுப் பெயரை எழுதிக் கொடுத்தார். அவர்கள் வீடு சென்று மனைவி மக்களை அழைத்து வந்தார்கள். ஒருவரை மட்டும் தனியே சேர்ப்பதில் அவருக்கு விருப்பமில்லை போலும்.

ஊர்தோறும் செபங்களை எழுதி வைத்துவிட்டே அவர் புறப்பட்டார். பிள்ளைகளுக்குப் போதிப்போரின் சம்பளத்திற்காக, போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்குரிய பணத்தையே கேட்டு வாங்கினார்.

1552 டிசம்பர் 3-ஆம் நாள், சீனக்கரை அருகே சான்சியன் தீவில், அந்தோனி என்னும் சீன இளைஞர் உடனிருக்க உயிர் துறந்தார். அவரது மணியோசைக்கு ஓடிவந்த சிறுவர்கள் அந்நேரம் தங்கள் பிள்ளைகளை வளர்க்கும் பருவத்தை எட்டிக்கொண்டிருந்தார்கள்.