அடுப்பை முதலில் மூட்டியவர்

தைப்பூசம் என்றால் நமக்கு உடனே ஞாபகத்துக்கு வருவது காவடி, பால்குடம், பத்துமலை, ஈப்போ குனோங் சீரோ கல்லுமலை. பத்து காஜாவில் பிறந்து வளர்ந்த எனக்கும் அப்படித்தான். ஆனால் அதே தைப்பூச நாளில் தமிழ்நாட்டில் கடலூர் பக்கம் வடலூர் என்ற ஊரில் பெருங்கூட்டம் கூடுகிறது. அங்கே காவடி முக்கியமில்லை, சிலையும் முக்கியமில்லை. ஏழு திரைகளை ஒவ்வொன்றாக விலக்கி ஒரு ஜோதியைக் காட்டுகிறார்கள். பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அந்த ஜோதியை அங்கே வைத்தவர் இராமலிங்க அடிகள். நமக்குத் தெரிந்த பேர் வள்ளலார்.

போன வருஷம் மன்றத்தில் அவரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சமய வகுப்பில் படித்ததுதான்: பயிர் வாடினால்கூட மனம் தாங்காதவர், அன்னதானம் செய்தவர். அதைச் சொல்லி முடித்ததும் பெரியவர் ஒருவர் எழுந்தார். சைவத்தையே விட்டுவிட்டுத் தனிச் சங்கம் வைத்தவரை இந்து இளைஞர்கள் எதற்குக் கொண்டாட வேண்டும் என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. செமஸ்டர் விடுமுறையில் உட்கார்ந்து படித்தேன். படித்த பிறகு, ஐயா கேட்டது சும்மா கேட்ட கேள்வி இல்லை என்று புரிந்தது. அவர் உயிரோடு இருந்தபோதே இதற்காகப் பெரிய சண்டை நடந்திருக்கிறது.

1823 அக்டோபர் 5-ஆம் தேதி, சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூர் கிராமத்தில் பிறந்தார். அப்பா இராமையா பிள்ளை ஊர்க் கணக்கு எழுதியவர். அம்மா சின்னம்மை. ஐந்து பிள்ளைகளில் இவர் கடைசி. கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துபோனார். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிழைப்புத் தேடிக் கடைசியில் சென்னைக்கு வந்து சேர்ந்தார். ஏழுகிணறு பகுதியில் குடியிருந்தார்கள். மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

தம்பியைப் படிக்க வைக்க அண்ணன் பட்ட பாடு கொஞ்சமில்லை. காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் அனுப்பினார். பையன் வகுப்பில் உட்காருவதை விட்டுவிட்டுக் கந்தகோட்டம் முருகன் கோயிலில் போய்ப் பாடிக்கொண்டிருந்தான். ஒரு நாள் அண்ணனுக்கு உடம்பு முடியவில்லை, அவருக்குப் பதிலாகத் தம்பி போய்ப் பேச, கூட்டம் அசந்துபோனதாகச் சொல்வார்கள். பிறகு திருவொற்றியூர் சிவன் கோயிலே கதி என்று இருந்தார். வீட்டார் வற்புறுத்தியதால் அக்காள் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆனால் இல்லறத்தில் மனம் ஒட்டவில்லை.

இந்தக் காலத்தில் அவர் நாம் எல்லாரும் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு சைவர். முருகன் மேல் பாடினார், சிவன் மேல் பாடினார், நால்வரைப் போற்றிப் பாடினார். பழைய நூல்களைப் பிழை பார்த்து அச்சிட்டார். இத்தோடு அவர் நின்றிருந்தால் யாருக்கும் எந்தப் பிரச்சினையும் இருந்திருக்காது.

1858-இல் சென்னையை விட்டுக் கிளம்பினார். சிதம்பரம் போய், வடலூருக்குப் பக்கத்தில் கருங்குழியில் வேங்கட ரெட்டியார் என்பவர் வீட்டில் ஏறக்குறைய ஒன்பது வருஷம் தங்கினார். எண்ணெய் என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றியும் விளக்கு எரிந்தது என்ற கதை இந்த வீட்டில்தான் நடந்ததாகச் சொல்வார்கள். நான் பொறியியல் படிக்கிறவன், இந்தக் கதையை நிரூபிக்கவும் முடியாது, மறுத்துச் சண்டை போடவும் மாட்டேன். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அது அவர் வேலைகளைச் செய்த வரிசை.

1865-இல் சங்கம் ஆரம்பித்தார். முதலில் அதன் பேரில் வேதம் என்ற சொல் இருந்தது. 1872-இல் பேரை மாற்றி, சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என்று வைத்தார். 1867 மே 23-ஆம் தேதி வடலூரில் சத்திய தருமச்சாலையைத் திறந்தார். ஊர் மக்கள் கொடுத்த நிலம் ஏறக்குறைய 80 காணி, இன்றைய கணக்கில் நூறு ஏக்கருக்கு மேல். அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் சோறு வடித்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகுதான், 1872 ஜனவரி 25 தைப்பூசத்தன்று, எண்கோண வடிவில் கட்டிய சத்திய ஞான சபை திறக்கப்பட்டது.

கவனித்தீர்களா? சமையற்கட்டு முதலில் வந்தது, வழிபாட்டு இடம் ஐந்து வருஷம் கழித்துத்தான் வந்தது. நாம் கோயில் கட்டினால் முதலில் கோபுரம், கடைசியில் பணம் மிஞ்சினால் அன்னதான மண்டபம். அவர் அதைத் தலைகீழாகச் செய்தார். காரணம் அவர் கொள்கையிலேயே இருக்கிறது. கடவுள் ஒருவரே, அவர் அருள் ஒளியாக இருக்கிறார், அவரை அடைய ஒரே வழி உயிர்களிடத்தில் இரக்கம். இந்த இரக்கத்தைத்தான் ஜீவகாருண்யம் என்றார். அதைப் பற்றி உரைநடையாகவே எழுதி வைத்திருக்கிறார். பசி வந்தால் உடம்பிலும் மனசிலும் என்னென்ன ஆகும் என்று ஒரு மருத்துவர் போல வரிசையாக விளக்குகிறார். பசித்தவன் எந்த ஊர், எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று விசாரிக்காமல் சோறு போட வேண்டும் என்கிறார். புலால் உண்பதை அவர் கடுமையாக எதிர்த்தவர். சபைக்குள் நுழையக் கொலையையும் புலாலையும் விட்டிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை, சாதி நிபந்தனை கிடையாது. அப்படிப்பட்டவரே, புலால் உண்பவனுக்கும் பசி என்று வந்தால் சோறு போட்டே ஆக வேண்டும் என்று எழுதினார்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். 1867-இல் அவர் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் அவருடைய பாடல்களைத் தொகுத்து, திருவருட்பா என்று பேர் வைத்து, திருமுறை திருமுறையாகப் பிரித்து அச்சிட்டார். ஆசிரியர் பேரைத் திருவருட்பிரகாச வள்ளலார் என்று போட்டார். இராமலிங்கருக்கு இப்படிப்பட்ட பட்டங்கள் பிடிக்காது. தன் பேரோடு சாமி என்று சேர்த்துப் போடுவதையே வேண்டாம் என்று கடிதத்தில் எழுதியவர் அவர்.

யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலருக்கு இது பொறுக்கவில்லை. நாவலரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மிஷனரிகள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் திறந்த காலத்தில் வண்ணார்பண்ணையிலும் சிதம்பரத்திலும் சைவப் பள்ளி திறந்தவர், நூல்களைப் பிழையில்லாமல் அச்சில் கொண்டுவந்தவர். திருமுறை என்பது பன்னிரண்டுதான், அருட்பா என்றால் நாயன்மார் பாடியதுதான், உயிரோடு இருக்கும் ஒருவர் பாட்டுக்கு அந்தப் பேரை வைப்பது சைவத்தின் வேலியை உடைப்பது என்பது அவர் தரப்பு. 1869-இல் அவர் தரப்பிலிருந்து போலியருட்பா மறுப்பு வெளிவந்தது. அதே வருஷம் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. பலர் சொல்வது போல அங்கே அருட்பா உண்மையா பொய்யா என்று விசாரிக்கவில்லை. அது சிதம்பரம் கோயிலில் தன்னை அவதூறாகப் பேசினார்கள் என்று நாவலர் போட்ட வழக்கு.

இரண்டு பேரும் போன பிறகும் சண்டை ஓயவில்லை. 1900-களின் தொடக்கத்தில் நாவலர் தரப்பில் நா. கதிரைவேற்பிள்ளை பேசினார். அருட்பா தரப்பில் மறைமலையடிகள் பேசினார். செய்குத்தம்பிப் பாவலரும் பேசினார். பாவலர் ஒரு முஸ்லிம். ஒரு சைவ அடியார் பாடியது அருட்பாதான் என்று வாதாட ஒரு முஸ்லிம் புலவர் மேடை ஏறினார் என்றால், அந்தப் பாட்டு எதுவரை போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

நியாயமாகச் சொன்னால், நாவலரின் கவலை முழுக்கத் தப்பு இல்லை. இராமலிங்கர் உண்மையிலேயே வேலியைத் தாண்டினார். கடைசி வருஷங்களில் சாதி, சமயம், சாத்திரம் என்று பிரிக்கிற எல்லாவற்றையும் விடச் சொன்னார். தனக்கே முன்பு ஒரு சமயத்தின் மேல் பற்று இருந்தது, அதையும் விட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். இறந்தவர்களை எரிக்க வேண்டாம், புதைக்க வேண்டும், கருமாதி, திதி வேண்டாம் என்றார். கணவன் இறந்தால் பெண்ணின் தாலியைக் கழற்றக் கூடாது என்றார். மரணமே இல்லாத வாழ்வை மனிதன் அடையலாம், இறந்தவர்களும் எழுவார்கள் என்றும் நம்பினார். இதில் சிலவற்றை இன்றைக்கு நம் வீட்டில் சொன்னாலே பாட்டி எழுந்து போய்விடுவார்.

ஊரும் அவரைக் கேட்டு நடக்கவில்லை. தான் கொண்டுவந்ததை வாங்கிக்கொள்ள ஆள் இல்லையே என்ற வருத்தம் கடைசிவரை அவருக்கு இருந்தது. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் சன்மார்க்கக் கொடி ஏற்றிப் பேசினார். 1874 ஜனவரி 30-ஆம் தேதி அங்கே ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. ஜோதியில் கலந்தார் என்பது அன்பர்கள் நம்பிக்கை. 1906-இல் வந்த தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியரும், அவர் அறைக்குள் போனதையும் அன்பர்களின் இந்த நம்பிக்கையையும் பதிவு செய்திருக்கிறது. அவருக்குப் போட்டோகூட இல்லை. வெள்ளைத் துணியால் தலையை மூடிய அந்த உருவம் பின்னால் வரைந்தது.

சபைக்குள் பிற்காலத்தில் சிவலிங்க வழிபாடு நுழைந்தது. அது அவர் எழுதி வைத்த விதிக்கு மாறானது என்று வழக்கு நடந்து, 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஜோதி வழிபாடுதான் சரி என்றது. எதை விட்டுவிட்டு அவர் வெளியே வந்தாரோ, அதை அவர் கட்டிய இடத்துக்கே நாம் திரும்பக் கொண்டுவந்து வைத்தோம்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கோயில் திருவிழாவில் நான் அன்னதானத்துக்குக் கரண்டி பிடித்து நின்றேன். வரிசையில் வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் வந்தார். எங்கள் தாத்தா பால் வெட்டிய தோட்டத்தில் இப்போது செம்பனை. அங்கே வேலை செய்கிறவர்தான், உடுப்பைப் பார்த்தாலே தெரிந்தது. எங்கள் குழுவில் ஒருவர், இது நம்ம ஆளுங்களுக்கு என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டார். பானையில் சோறு இருந்தது. கரண்டி என் கையில் இருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை.

நம் முன்னோர் பலர் தென்னார்க்காடு, வடஆர்க்காடு, தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து கப்பல் ஏறியவர்கள். அவர் மறைந்த இரண்டே வருஷத்தில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. வயிற்றுக்கு இல்லாமல்தான் பலர் ஊரை விட்டார்கள். அப்படி வந்தவர்களின் பேரன் நான், லயத்தில் இருக்கும் இன்னொருவரைச் சோற்று வரிசையிலிருந்து அனுப்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் வள்ளலார் வழியில் நடப்பவன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. எங்கள் வீட்டில் வருஷா வருஷம் முனியாண்டிக்குச் சேவல் அறுக்கிறோம், நானும் சாப்பிடுகிறேன். அவர் சபைக்குள் எனக்கு இடமில்லை. ஆனால் பசியோடு போனால் அவர் தருமச்சாலையில் எனக்குச் சோறு உண்டு. இதுதான் அவர் வைத்த கணக்கு.

பெரியவர் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. ஐயா, அவர் நம்முடையவரா இல்லையா என்று நாவலர் காலத்திலிருந்தே பேசிக்கொண்டிருக்கிறோம், இன்னும் பேசுவோம். அது முடியும்வரை அடுப்பு காத்திருக்க வேண்டியதில்லை. இந்தத் தைப்பூசத்துக்கு நம் மன்றம் பந்தல் போடும்போது யார் வந்தாலும் முதலில் தட்டைக் கொடுப்போம். நான் கரண்டி பிடிக்க வருகிறேன்.