இடிக்காமல் வீடு கொடுத்த பேராசிரியர்

அக்டோபர் 2 என்றதும் நமக்குக் காந்தியடிகள் நினைவுக்கு வருவார். அவர் பிறப்பதற்குப் 15 ஆண்டுகள் முன்னரே, 1854-ல் அதே நாளில், ஸ்காட்லாந்து நாட்டின் பாலட்டர் என்னும் சிற்றூரில் படைவீரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் பேட்ரிக் கெடிஸ். நகர அமைப்புக் கலையின் முன்னோடி என்று உலகம் அவரைப் போற்றுகிறது. ஆனால் வாடகைக் குடித்தனக்காரர்களின் நண்பராகவே அவரை இங்கே அறிமுகப்படுத்த விரும்புகிறோம். நம் தமிழகத்துத் தெருக்களிலும் அவர் நடந்திருக்கிறார்.

பெர்த் நகருக்கு அருகே குன்றின் மேல் இருந்த சிறு வீட்டில், தோட்டமே அவருக்கு முதல் பள்ளியாயிற்று. பின்னர் இலண்டனில் ஹக்ஸ்லி என்னும் பெரும் அறிவியலாரிடம் உயிரியல் கற்றார். ஆயினும் பட்டம் எதுவும் பெறவில்லை. பட்டம் பெறாமலேயே டண்டீ நகரக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக விளங்கினார். (இந்த வரியைப் பெற்றோர்கள் பார்க்காமல் விட்டால் நமக்கு நல்லது!)

1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ சென்றபோது அவரது கண் பார்வை மங்கியது. வாரக்கணக்கில் இருட்டறையில் கிடந்தார். பார்வை திரும்பியது, ஆனால் நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்க்கும் வேலை இனி இயலாது என்றாயிற்று. செடி தான் வேரூன்றிய மண்ணைப் பொறுத்தே தழைக்கிறது அல்லது வாடுகிறது. மனிதனும் அப்படித்தானே, அவன் குடியிருக்கும் இடம் எப்படி இருக்கிறது என்று அவரது சிந்தனை மனிதர் பக்கம் திரும்பியது.

அக்காலத்து எடின்பரோவின் பழைய நகரம் வானளாவிய கல் மாடிகள் நிறைந்தது. செல்வர்கள் புதிய நகரத்திற்குக் குடிபெயர்ந்துவிட, அவர்கள் விட்டுச் சென்ற மாளிகைகளில் அறைக்கு ஒரு குடும்பம் என்று ஏழைகள் நெருங்கி வாழ்ந்தனர். நம் ஊர்களில் ஒண்டுக்குடித்தனம் என்போமே, அதுதான். வாடகை மட்டும் வாரந்தவறாமல் வசூலாகும். ஒழுகும் கூரையைப் பற்றிக் கேட்பார் இல்லை.

1886-ல் கெடிஸ் அன்னா மார்ட்டன் என்னும் அம்மையாரை மணந்தார். வசதியான வீட்டை விட்டுவிட்டு, தம்பதியர் இருவரும் ஜேம்ஸ் கோர்ட் என்ற அழுக்கடைந்த குடியிருப்புக்குள் போய்க் குடியேறினர். மேடை போட்டுப் பேசவில்லை. தாமே துடைப்பம் எடுத்துப் பெருக்கி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, சன்னல்களில் பூச்செடிகள் வைத்தனர். அக்கம்பக்கத்தார் முதலில் வேடிக்கை பார்த்தனர், பிறகு கைகொடுத்தனர். கைக்குழந்தையோடு அங்கே வாழத் துணிந்த அன்னாவைத்தான் நாம் அதிகம் வியக்கிறோம். புத்தகங்கள் அவருக்கு ஓரிரு பக்கங்களே ஒதுக்குகின்றன.

இந்த வழிக்கு முன்மாதிரி இலண்டனில் இருந்தது. ஆக்டேவியா ஹில் என்ற பெண்மணி 1865-ல், எழுத்தாளர் ஜான் ரஸ்கின் வாங்கித் தந்த மூன்று பழைய வீடுகளை ஏழைகளுக்கு வாடகைக்கு விடத் தொடங்கினார். வீட்டில் முதல் போட்டவருக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 5 மட்டுமே கிடைக்கும். அதற்கு மேல் மிஞ்சும் பணம் அந்த வீடுகளின் பழுது பார்க்கவே செலவாகும். வாடகை வாங்க அடியாட்கள் வரமாட்டார்கள். பயிற்சி பெற்ற பெண்கள் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று, குழாய் வருகிறதா, கைப்பிடிச் சுவர் உடைந்திருக்கிறதா என்று பார்த்து வருவார்கள். நமது பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையினர் இல்லம் தேடிச் சென்று நலம் விசாரிப்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: ஆக்டேவியா தானம் கொடுக்கவில்லை. வாடகை பாக்கி வைத்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார். இது சற்றுக் கடுமையாகவே நமக்குத் தோன்றுகிறது. வேலை இழந்தவன் எங்கே போவான்?

1885-ல் எடின்பரோவில் உருவான சமூக ஒன்றியத்திற்குக் கெடிஸ் உந்துசக்தியாக இருந்தார். ஆக்டேவியாவின் முறையில் ஏழைகளின் வாடகை வீடுகளைப் பராமரிப்பது அதன் பணிகளுள் ஒன்று. 1887-ல் பழைய கட்டிடங்களைச் செப்பனிட்டு மாணவர் விடுதியும் தொடங்கினார். அங்கே காப்பாளர் கிடையாது, மாணவர்களே நிர்வாகம்! கடன் வாங்கிக் கடன் வாங்கி வீடுகள் வாங்கியதில் கணக்கு வழக்கு குழம்பிற்று. 1896-ல் நண்பர்கள் ஒரு கழகம் அமைத்து அவற்றைப் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. நல்லெண்ணம் இருந்த அளவுக்குப் பேரேடு எழுதும் பொறுமை அவருக்கு இல்லை எனலாம்.

நமது புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதியார், சகோதரி நிவேதிதையைத் தம் குருவாகப் போற்றியதை அறிவோம். அந்த நிவேதிதை 1900-ல் பாரிஸ் பொருட்காட்சியில் கெடிசுக்கு உதவியாளராகப் பணிபுரிந்தவர். பாரதியார் இங்கு இருந்த காலத்திலேயே, 1914-ல், சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்றுக் கெடிஸ் இந்தியா வந்தார். வயது அப்போது 60. பல்லாண்டு உழைத்துச் சேர்த்த நகரக் கண்காட்சிப் படங்கள் ‘கிளான் கிராண்ட்’ என்ற கப்பலில் பின்னால் வந்தன. அந்தக் கப்பலை மூழ்கடித்தது எது தெரியுமா? சென்னை மீது குண்டு வீசிய அதே எம்டன்! துணிச்சல்காரரை ‘எம்டன்’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த ஜெர்மன் கப்பல்தான். கெடிஸ் சோர்ந்துவிடவில்லை. இங்கிலாந்து நண்பர்கள் புதிய படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் கண்காட்சி திறக்கப்பட்டது.

பின்னர் தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களுக்குச் சென்றார். நெரிசலான பகுதிகளை இடித்து நேர்த்தெரு போடுவதே அன்றைய அதிகாரிகளின் வழக்கம். கெடிஸ் வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சந்து சந்தாக நடந்தார். திண்ணையையும் முற்றத்தையும் மரத்தடிக் கோயிலையும் பார்த்தார். இடிந்து பாழடைந்த ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் அகற்றினால் காற்றும் வெளிச்சமும் வரும், அங்கே மரம் நட்டுக் குழந்தைகள் விளையாடலாம், மற்றவர்கள் தத்தம் வீட்டிலேயே இருக்கலாம் என்று எடுத்துக் காட்டினார். நோயுற்ற விரலுக்காகக் கையை வெட்டாத மருத்துவரைப் போன்ற முறை இது. செலவும் பன்மடங்கு குறைவு.

அவர் சுட்டிய இன்னொன்றை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வீடு இடிக்கப்பட்டவன் மறைந்து போவதில்லை. அடுத்த சந்துக்குப் போகிறான். அங்கே நெரிசல் கூடுகிறது, வாடகை ஏறுகிறது. நமது மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் வேலைக்கு வருவோர், முன்பணமும் வாடகையும் கட்டுபடியாகும் ஓர் அறையைத் தேடுவதைப் பார்க்கும் நமக்கு இது புரியாத கணக்கு அன்று. குளங்களைத் தூர்ப்பதையும் அவர் எதிர்த்தார். கொசுவுக்குப் பயந்தால் குளத்தைத் துப்புரவாக்கி மீன் விடலாமே என்றார்.

1917-ஆம் ஆண்டு அவருக்குக் கொடிய ஆண்டு. ஏப்ரலில் மூத்த மகன் அலாஸ்டர் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டான். இந்தியாவில் நோயுற்றுப் படுத்திருந்த அன்னாவிடம் அச்செய்தியைச் சொல்லாமலே மறைத்தார் கெடிஸ். மகன் இறந்தது அறியாமலே ஜூன் மாதத்தில் அன்னாவும் கண்மூடினார்.

அத்துயரோடுதான் பிளேக் பரவியிருந்த இந்தூர் நகரில் பணி செய்தார். ஒரு நாள் மகாராஜாவின் அதிகாரத்தைக் கேட்டு வாங்கி, தீபாவளி ஊர்வலம் ஒன்றை ஏற்பாடு செய்தார். எந்தத் தெருக்கள் துப்புரவாக இருக்கின்றனவோ அவற்றின் வழியாகவே ஊர்வலம் போகும் என்று அறிவித்ததும், ஊரே வீட்டைக் கழுவி வெள்ளையடிக்கத் தொடங்கியது. குப்பைகள் வண்டி வண்டியாக வெளியேறின. துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளுடை உடுத்தி, பூச்சூடி, ஊர்வலத்தில் மரியாதையோடு நடந்தார்கள். அழுக்கின் உருவமாகச் செய்த அரக்கன் இறுதியில் எரிக்கப்பட்டான்.

1919 முதல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்து, உடல்நலம் குன்றி 1924-ல் பிரான்சு சென்றார். மான்பெலியே நகரில் மீண்டும் ஒரு மாணவர் விடுதியைக் கட்டினார். 1932 ஏப்ரல் 17 அன்று அங்கேயே காலமானார்.

எடின்பரோக் கோட்டையருகே அவர் உருவாக்கிய ராம்சே கார்டன் குடியிருப்பு இன்றும் கம்பீரமாக நிற்கிறது. ஆனால் அந்நகரின் மிக விலையுயர்ந்த வீடுகளுள் அவையும் சேர்ந்துவிட்டன. செப்பனிட்ட வீடு அழகாகிறது, அழகான வீட்டின் விலை ஏறுகிறது, ஏழை மறுபடியும் வெளியே நிற்கிறான். ஆக்டேவியாவின் நூற்றுக்கு 5 என்ற கட்டுப்பாடு நீடித்த இடங்களில்தான் அந்த ஏழைக்குக் கதவு திறந்திருந்தது.