எல் லிசிட்ஸ்கி: கட்டடக்கலை பயின்ற ஓவியர்

உருசிய ஓவியர் எல் லிசிட்ஸ்கியைப் பலரும் ஒரு சுவரொட்டியாலேயே அறிவர். செந்நிற ஆப்பு வெண்வட்டத்தைப் பிளக்கும் அச்சுவரொட்டி உள்நாட்டுப் போர்க்காலத்தில் எழுந்தது. அதனினும் மேலானவை அவர் வரைந்த அரூப ஓவியங்களே என்பது நம் கருத்து.

1890இல் யூதக் குடும்பமொன்றில் பிறந்த அவருக்குப் பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. யூத மாணவர்க்கு எண்ணிக்கை வரையறை இருந்த காலம் அது. எனவே செருமனி சென்று, 1909 முதல் 1914 வரை டார்ம்ஸ்டட் நகரில் கட்டடக்கலை பயின்றார். போர் மூளவே தாயகம் திரும்பினார்.

1919இல் ஓவியர் சாகாலின் அழைப்பை ஏற்று வீத்தெப்ஸ்க் கலைப்பள்ளியில் ஆசிரியரானார். அங்கு வந்த மாலெவிச்சின் வடிவியல் ஓவியங்கள் அவரை ஆட்கொண்டன. மாலெவிச் தட்டையாக வரைந்த சதுரத்திற்கும் வட்டத்திற்கும் இவர் கனமும் ஆழமும் தந்தார். தொலைவில் கோடுகள் ஒரு புள்ளியில் கூடுவதாகத் தீட்டும் மரபை விடுத்து, கட்டட வரைபடத்தில் உள்ளவாறு இணைகோடுகளை இணையாகவே நிறுத்தினார். இவ்வோவியங்களுக்குப் புரௌன் என்று பெயரிட்டார். ஓவியத்திலிருந்து கட்டடக்கலைக்கு மாறிச்செல்லும் இடைநிலையம் என அவற்றை விளக்கினார். சிலவற்றிற்கு மேல், கீழ் என்பதே இல்லை; எப்பக்கம் திருப்பினும் பொருந்தும். 1923இல் பெர்லின் கண்காட்சியில் ஓர் அறையின் சுவர்களையே புரௌன் ஆக்கினார். பார்ப்போர் ஓவியத்தினுள் நடந்தனர்.

காசநோய் பற்றவே 1924இல் சுவிட்சர்லாந்து சென்றார். மாஸ்கோவுக்கென அவர் வகுத்த மேகத்தாங்கித் திட்டம் அக்காலத்தது. மூன்று தூண்கள்மேல், தெருவுக்கு மிக உயரே, கிடைமட்டமாக நீளும் அலுவலகம் அது. ஒரு தூண் நிலத்தடி இரயில் நிலையத்துள் இறங்கும். மாஸ்கோவில் நிலத்தடி இரயில் ஓடியதோ 1935இல்தான்! அக்கட்டடம் எழவேயில்லை. அவர் வரைபடத்தின்படி எழுந்தது ஒகோன்யோக் இதழின் அச்சகம் ஒன்றே.

செருமனியின் ஹனோவர் அருங்காட்சியகத்தில் 1927இல் அவர் அமைத்த அரூபக்கலை அறையில், காண்போர் நடக்க நடக்கச் சுவரின் நிறம் வெண்மை, சாம்பல், கருமை என மாறும். நாஜிகள் 1937இல் அதனை அழித்தனர். 1968இல் மீண்டும் அமைக்கப்பட்டது.

1941 டிசம்பர் 30ஆம் நாள் மாஸ்கோவில் லிசிட்ஸ்கி மறைந்தார். செருமானியரான அவர்தம் மனைவி சோஃபி 1944இல் சைபீரியாவின் நோவசிபீர்ஸ்க் நகருக்கு நாடுகடத்தப்பட்டார். கணவரின் படைப்புகளையும் கடிதங்களையும் அவர் தொகுத்த நூல் 1967இல் டிரெஸ்டனில் வெளிவந்தது.