முப்பது ரூபாய்க் குமாஸ்தா

நாமக்கல்லை அடுத்த எருமப்பட்டியிலிருந்தும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் பட்டம் பெற்று வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் முதலில் திகைப்பது முன் அனுபவம் என்னும் கட்டத்திலேயாகும். அவ்விடத்தில் எழுத ஒன்றுமின்றி நின்றவர்களுள் ஒருவர் கணிதமேதை சீனிவாச இராமானுசன் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பம் அவருடையது.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், கணக்கிலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் 1907-இல் எஃப்.ஏ. தேர்வில் தோல்வியே கண்டார். 1909-இல் திருமணம் நிகழ்ந்தது. பட்டமில்லை, பணியில்லை, கையில் இருந்தவை சூத்திரங்கள் நிறைந்த நோட்டுப் புத்தகங்களே.

1910-இல் அவற்றுடன் திருக்கோவிலூர் சென்று, துணை ஆட்சியராயிருந்த வி. இராமசாமி ஐயரிடம் எழுத்தர் வேலை வேண்டினார். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவ்வையர். ஏடுகளைப் புரட்டியவர், தாலுகா அலுவலகத்தில் இவ்வறிவைப் புதைக்க மனமின்றிச் சென்னை நண்பர்களுக்குக் கடிதம் தந்தனுப்பினார். கேட்ட வேலையை மறுத்ததே பேருதவியாயிற்று எனலாம். ஆயினும் வயிற்றுப்பாடு தீரவில்லை. நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் அளித்து வந்தார். உழைக்காமல் பெறும் அத்தொகை இராமானுசன் மனத்தை உறுத்தியது. 1912 தொடக்கத்தில் கணக்காயர் அலுவலகத்தில் கிடைத்த தற்காலிக வேலையும் சில வாரங்களே நீடித்தது.

அவ்வாண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்திற்கு அவர் எழுதிய விண்ணப்பம் நம் மாணவர் கருதத்தக்கது. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்து மேலே தொடர இயலாமற் போனதையும், அதன்பின் காலமெல்லாம் கணிதத்தில் கழிந்ததையும் அதில் சொன்னார். குறையை மறைக்கவில்லை, குறைக்காக அழவுமில்லை. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் பரிந்துரை நல்கினார். இவ்வுதவியைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. திறமை மட்டுமே கதவைத் திறந்துவிடும் என்று மேடையில் முழங்குவது எளிது. இராமானுசனுக்கோ திறந்துவிடக் கைகள் பல வேண்டியிருந்தன.

மார்ச் 1-ஆம் நாள் கணக்குப் பிரிவில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் முன்னர்த் திருச்சியில் கணிதம் கற்பித்தவர். மேலதிகாரியும் எழுத்தரும் அலுவல் முடிந்தபின் சேர்ந்து கணக்குப் போட்டனர். கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவு காட்டினார். தாளுக்குப் பஞ்சமான காலம். துறைமுகத்தில் கிடந்த சிப்பம் கட்டும் தாள்களையும் இராமானுசன் கணக்குக்குப் பயன்படுத்தியதாகக் கூறுவர்.

1913 சனவரி 16-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய மடலிலும், ஆண்டுக்கு 20 பவுன் ஊதியம் பெறும் துறைமுக எழுத்தர் என்றே தம்மை அறிமுகம் செய்துகொண்டார். அதே ஆண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்க, அவர் துறைமுக நாற்காலியை விட்டு எழுந்தார். ஓராண்டும் இரு மாதங்களுமே அதில் அமர்ந்திருந்தார். 1914 மார்ச் 17 அன்று அதே துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.