பேராதனையில் இருந்த துரைராஜா

பேராசிரியர் அழகையா துரைராஜா என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது ஒரு சைக்கிள். பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில், துணைவேந்தர் சைக்கிளில் பல்கலைக்கழகத்துக்கு வந்துபோன கதையைக் கேட்காத வீடுகள் குறைவு. அவர் இறந்தபோது நான் சிறுபிள்ளை. நேரில் பார்த்ததில்லை, கதையைக் கேட்டு வளர்ந்தேன். அவர் எதைப் படித்தவர், எதைக் கற்பித்தவர் என்பது அந்தக் கதையில் வராது.

சில வருடங்களுக்கு முன், கண்டியில் பொறியியலாளர் ஒருவரோடு மண்சரிவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பெயர் வந்தது. அவர் சிங்களவர், பேராதனையில் படித்தவர். யாழ்ப்பாணத்துச் சைக்கிள் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் அறியாத துரைராஜாவை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

துரைராஜா 1934இல் பிறந்தவர், வடமராட்சிக் கம்பர்மலையோடு சேர்ந்த குடும்பம். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்து, அன்று கொழும்பில் இயங்கிய இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் குடிசார் பொறியியல் கற்றார். அங்கிருந்து கலாநிதிப் பட்டத்துக்காகக் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே மண் ஆய்வை நடத்திக்கொண்டிருந்தவர் கென்னத் றொஸ்கோ. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரிடம் பிடிபட்டு ஆண்டுக்கணக்கில் போர்க்கைதியாக இருந்தவர் அவர்.

துரைராஜா அங்கே செய்த வேலையை விளங்கிக்கொள்ள, ஊடகக் கற்கை படித்த எனக்குப் பல நாட்கள் எடுத்தன. எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். களிமண்ணை ஒரு சிறு உருளையாக்கி, மெல்லிய இறப்பர் உறையில் இட்டு, சுற்றிலும் நீரழுத்தம் கொடுத்து, மேலிருந்து அமுக்குவார்கள். மண் நசியும், சுருங்கும், சில வகை மண் பருக்கும். அமுக்குவதற்கு நாம் செலவிட்ட வேலை எங்கே போகிறது? ஒரு பங்கு மண்ணின் கனவளவை மாற்றுவதில் போகிறது. மிச்சம் மணிகள் ஒன்றோடொன்று உராய்வதில் வெப்பமாகக் கரைகிறது. துரைராஜா தன் சோதனை முடிவுகளை எடுத்து, கனவளவு மாற்றத்துக்கான பங்கைக் கழித்துப் பார்த்தார். எஞ்சிய உராய்வுச் செலவு, சோதனையை எந்த வழியில் நடத்தினாலும், ஒரே எளிய விகிதத்தில் நின்றது. 1961இல் முடித்த அவருடைய ஆய்வேட்டின் சாரம் இதுதான்.

1963இல் ஜியோடெக்னிக் என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் றொஸ்கோ, அன்ட்ரூ ஸ்கோபீல்ட், துரைராஜா. கேம் களி என்று இன்று உலகமெங்கும் பொறியியல் மாணவர்கள் படிக்கும் மாதிரிக்கு அந்தக் கட்டுரை ஓர் அத்திவாரம். கேம் என்பது கேம்பிரிட்ஜ் ஊடாக ஓடும் ஆறு. அணை, சுரங்கம், உயர்மாடி எதைக் கட்டினாலும் அடிமண் எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்கும் கணினி மென்பொருள்களில் அந்த மாதிரியும் அதன் வழிவந்தவையும் இருக்கின்றன. துரைராஜாவின் கண்டுபிடிப்பு இதில் எவ்வளவு முக்கியமானது என்பதை ஸ்கோபீல்ட் முதுமையில் எழுதியவற்றிலும் பெயர் சொல்லிக் குறித்தார். மண்ணியக்கவியலுக்கு 1936இல் தொடங்கிய சர்வதேசச் சங்கம் ஒன்று உண்டு. அது நாட்டுக்கு ஒரு தேசியச் சங்கமாக இயங்குகிறது, இலங்கையில் அதன் கிளை இலங்கைப் புவித்தொழில்நுட்பச் சங்கம். அந்த வட்டத்தில் கம்பர்மலைக்காரர் ஒருவரின் பெயர் பாடமாகவே இருக்கிறது.

அவர் திரும்பி வந்தார். ஈ.ஓ.ஈ. பெரேரா பீடாதிபதியாக இருந்து பொறியியல் பீடத்தைக் கொழும்பிலிருந்து பேராதனைக்குக் கொண்டுவந்தது அறுபதுகளின் நடுவில். மகாவலிக்கு ஒரு கரையில் கலைப்பீடமும் நூலகமும், மறுகரையில் பொறியியல் பீடம். துரைராஜா அங்கே பேராசிரியரானார், பீடாதிபதியாகவும் இருந்தார். மண் படிப்பிப்பவருக்குக் கண்டியைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. மலைச்சரிவில் மழைநீர் இறங்கி, மணிகளுக்கிடையே அழுத்தம் ஏறி, உராய்வு தளரும்போதுதான் சரிவு வருகிறது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதைந்தபோது, அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. இந்த நாட்டில் அறிவு இல்லாமல் சனம் சாகவில்லை. அந்த அறிவு தோட்டத்து லயனுக்குப் போய்ச் சேர்வதில்லை, அவ்வளவுதான்.

அவர் கற்பித்த பீடத்தின் வாசலிலேயே இன்னொரு விகிதம் வைக்கப்பட்டிருந்தது. 1971இல் பேராதனைப் பொறியியலுக்கு நுழைய சிங்கள மொழி மாணவருக்கு 227 புள்ளிகள் போதும், தமிழ் மொழி மாணவருக்கு 250 வேண்டும். தரப்படுத்தல் பற்றி நாங்கள் நிறையப் பேசியிருக்கிறோம். வெளியே நிறுத்தப்பட்டவர்களின் கதை அது. அதே வருடங்களில் உள்ளே நின்று சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவர்களுக்கு ஒரே மண்ணைப் படிப்பித்த தமிழ்ப் பேராசிரியர்களின் கதை எங்கும் பதிவாகவில்லை. 1983 மே மாதம் பேராதனையில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு விடுதிகளிலிருந்து துரத்தப்பட்டார்கள். இரண்டு மாதத்தில் ஜூலை வந்தது. பிறகு கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் படித்தவர்கள் கூட்டமாக வெளிநாடு போனார்கள். கேம்பிரிட்ஜில் பெயர் எடுத்த ஒருவருக்கு எந்த நாட்டிலும் கதவு திறந்திருக்கும். திறந்த பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் பணியாற்றிவிட்டு, 1988இல் அவர் போனது யாழ்ப்பாணத்துக்கு.

அது இந்திய இராணுவம் நின்ற காலம். 1990 ஜூனில் மறுபடி யுத்தம். மின்சாரம் நின்றது, எரிபொருள் நின்றது, ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது, கிளாலிக் கடலில் இரவில் படகேறிச் சனம் செத்தது. பல்கலைக்கழகம் நடந்தது. விளக்கு வெளிச்சத்தில் படித்து மாணவர்கள் பரீட்சை எழுதினார்கள். கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கியதும் 1990இல்தான். பொறியியல் பீடமும் வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அது நடக்கவில்லை. புற்றுநோயோடு போராடி 1994 ஜூனில் கொழும்பில் இறந்தார். விடுதலைப் புலிகள் மாமனிதர் என்று கௌரவித்தார்கள். அந்தப் பட்டம் வந்த பிறகு, அதற்கு முன்னிருந்த பேராதனை எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது என்று நினைக்கிறேன். தெற்கில் அவரைத் தெரிந்தவர்களுக்கோ அதற்குப் பின்னிருந்த யாழ்ப்பாணம் தெரியவில்லை. ஒரே மனிதரை இரண்டு பக்கமும் பாதி பாதியாக வைத்திருக்கிறோம்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014இல் மாணவர்களோடு தொடங்கியது. அவர் இறந்து இருபது வருடங்கள் கழித்து. அங்கே மண்ணியக்கவியல் பாடத்தில் கேம் களி வரும்.

அவரிடம் பேராதனையில் படித்தவர்களுக்கு இப்போது வயது அறுபதுக்கு மேல். கண்டியிலும் இருக்கிறார்கள், ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். வகுப்பில் எப்படி நின்றார், 1983இல் என்ன செய்தார், ஏன் வெளியே போகவில்லை என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். எழுதினால் நாங்கள் வாசிக்கக் காத்திருக்கிறோம். சிங்களத்தில் எழுதினாலும் மொழிபெயர்த்துப் போட நான் தயார்.